ஜாஸ் பாடும் மகளுக்கு முன்வரிசையில் இருங்கள்

பங்சார், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,



உங்கள் வீட்டுப் பெண்களில் சிலர் ஜாஸ் பாடுகிறார்கள். இன்னும் சிலர் ஆசைப்பட்டும் உங்களிடம் கேட்கத் தயங்கி நிற்கிறார்கள். பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம். அரங்கேற்றம் என்றால் மண்டபம் பிடித்து, உறவு முழுவதையும் அழைத்து, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறோம். அதே பெண் ஜாலான் தெலாவியில் ஓர் உணவக மாடியில் மைக்கைப் பிடித்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்பைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேசவே இந்த மடல்.

நான் பங்சாரில் குடியிருப்பவள். சில மாதங்களுக்கு முன் அப்படியொரு மாடியில் ஒரு தமிழ்ப் பெண் பாடக் கேட்டேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். சிறு வயதிலிருந்தே கர்நாடக இசை படித்தவள். பக்கத்தில் ஒரு கீபோர்டு, ஒரு டபுள் பாஸ், பிரஷ்ஷால் டிரம்மை வருடிக்கொண்டிருந்த ஒரு பையன். இடது கையில் மைக். வலது கை மட்டும் தொடையோரம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நம் ஆதி தாளத்தில் முதல் எண்ணிக்கையில் தட்டு விழும். அவள் கை அதை விட்டுவிட்டு இரண்டிலும் நான்கிலும் விழுந்தது. ஜாஸில் அழுத்தம் விழும் இடம் அதுதான். பாட்டு வகுப்பில் பழகிய கை இன்னோர் இசையின் நடையைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். இடைவேளையில் பாராட்டப் போனபோது அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஆன்ட்டி, அம்மாகிட்ட டியூஷன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்று நள்ளிரவு அவள் தனியாக ஒரு கிராப் வண்டியில் கிள்ளானுக்குத் திரும்பினாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மகளின் பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம் என்கிறோம். அந்தத் தடையே அவளை யாருக்கும் தெரியாமல் நடுச்சாலையில் நிறுத்துகிறது.

உங்களுக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். உஷா உதுப் என்ற பெயரை அறிவீர்கள். திரையில் ஒலித்த சில பாடல்களையும், நெற்றி நிறைந்த பொட்டையும் பட்டுச்சேலையையும் அறிவீர்கள். அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1947-இல் பம்பாயில் ஒரு நடுத்தரத் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர் உஷா. அப்பா காவல்துறை அதிகாரி. அந்த வீட்டு வானொலியில் இந்துஸ்தானிப் பாடகர்கள் கிஷோரி அமோன்கர், படே குலாம் அலி கான், கர்நாடக இசை, மேற்கத்திய இசை எல்லாம் ஒலித்தன. எது நம்முடையது, எது அந்நியம் என்ற தரம் பிரிப்பு அங்கே இல்லை. அக்காமார் பொது மேடைகளில் மேற்கத்தியப் பாடல்களைப் பாடினார்கள். கண்டிப்பான ஒரு போலீஸ்காரர் வீட்டில், 1950-களில், பெண்பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டுப் பாட அனுமதி இருந்தது. இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளியிலோ உஷாவை இசை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். குரல் கனமாக, தாழ்வாக இருக்கிறது, சேர்ந்திசைக்குப் பொருந்தாது என்பது காரணம். பெண் குரல் என்றால் மெல்லியதாக, உச்சத்தில் இருக்க வேண்டும் என்று நாடே நம்பிய காலம் அது. லதா மங்கேஷ்கரும் பி. சுசீலாவும் அரசாண்ட காலம். முறையான இசைப் பயிற்சி எதுவும் கிடைக்காமலேயே உஷா வளர்ந்தார். அந்தத் தாழ்ந்த குரலுக்கு இடம் கொடுத்தது ஜாஸும் அதையொட்டிய மேற்கத்திய மெல்லிசையும்தான். பில்லி ஹாலிடே, சாரா வான் என்ற ஜாஸ் பாடகிகளின் குரல்கள் ஆண்ட உலகம் அது. அடிக்குரலில் பாடும் பெண்ணை அங்கே யாரும் வெளியே அனுப்பவில்லை.

1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற சிறிய இரவு விடுதி இருந்தது. உஷாவுக்கு அப்போது இருபது வயதுக்குச் சற்று மேல். பட்டுச்சேலையோடு, பூவோடு, பொட்டோடு அந்த மேடையில் ஏறினார். அன்று விடுதிகளில் பாடிய பெண்கள் கவுன் அணிந்தார்கள். பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்கள். கோவிலுக்குப் போகிற கோலத்தில் ஒரு பெண் ஏறி ஆங்கிலப் பாட்டைப் பாடியதைக் கேட்ட முதலாளி, ஒரு வாரம் தொடர்ந்து பாடச் சொன்னார். அந்தக் கோலம் வேடமல்ல. வீட்டில் உடுத்தியதையே மேடைக்கும் உடுத்தினேன் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து பம்பாய், பிறகு கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் உணவகம். அந்தத் தெருவே அன்று இந்திய ஜாஸின் தலைவாசல். ஜாஸ் பாடகி பாம் கிரெய்ன் பாடியதும் பியானோ மேதை லூயி பேங்க்ஸ் வாசித்ததும் அங்கேதான். அந்தக் கூட்டத்தின் நடுவே சேலையில் நின்று பாடிய தமிழ்ப் பெண்ணைக் கேட்க ஊரே திரண்டது. அடுத்து டெல்லி, பிறகு இந்தித் திரையுலகம். தமிழில், ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடினார். பக்திப் படங்களுக்குப் பேர்போன இயக்குநரும் கர்நாடக வயலின் மேதையும் அந்தக் குரலைத் தேடி அழைத்தார்கள். 1990-இல் 'அஞ்சலி' படத்துக்காக இளையராஜா அழைத்தார்.

எல்லாம் பூப்பாதை என்று சொல்லவரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், உஷாவின் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று கூறி, அரசு அரங்குகளில் பாட அவருக்குத் தடை போட்டார். நம் வீட்டு வரவேற்பறைகளில் இன்றும் கேட்கிற அதே குற்றச்சாட்டு. உஷா அழுது ஒதுங்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்காடி வென்றார். 2011-இல் பத்மஸ்ரீயும் 2024-இல் பத்மபூஷணும் இந்திய அரசு அவருக்கு வழங்கியது. இசை வகுப்புக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட குரல் 17 இந்திய மொழிகளில் பாடியிருக்கிறது. பண்பாட்டைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட பெண், எழுபது வயதைக் கடந்தும் அதே பட்டுச்சேலையில் மேடையேறுகிறார்.

இன்னொரு குரலையும் நினைவூட்டுகிறேன். ஆடி மாதம் பிறந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை அம்மன் கோவில் ஒலிபெருக்கிகளில் முதலில் ஒலிப்பது யார் குரல்? எல். ஆர். ஈஸ்வரி. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாடிய மாரியம்மன் பாட்டு இல்லாமல் நம் ஊரில் தீமிதி நடப்பதில்லை. அதே ஈஸ்வரிதான் 1964-இல் 'கலைக்கோவில்' படத்தில், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில், அசல் ஜாஸ் நடையில் ஒரு விடுதிப் பாட்டைப் பாடினார். தமிழ்த் திரையிசை தந்த மிகச் சிறந்த ஜாஸ் பாட்டுகளில் அது ஒன்று. விடுதிப் பாட்டைப் பாடியதால் அவருடைய அம்மன் பாட்டின் பக்தி ஒரு துளியும் குறையவில்லை. ஈஸ்வரிக்குத் தந்த இடத்தை நம் வீட்டுப் பெண்ணுக்கும் தரலாம்.

ஜாஸ் குடிகாரர்களின் இசை, பணக்காரர்களின் இசை, வெள்ளைக்காரர்களின் இசை என்று மூன்று விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றும் தவறு. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்களின் வேலைப் பாட்டும் தேவாலயப் பாட்டும், அவர்கள் வழிவந்தவர்களின் ப்ளூஸும் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவெடுத்த இசை அது. உழைத்துத் தேய்ந்த மக்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட கலை.

நாம் இன்று காபி குடிக்கிற பங்சார், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டப் போன நம் முன்னோர்கள் இந்த மண்ணில் தெம்மாங்கும் தாலாட்டும் பாடினார்கள். அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் துயரமும் தோட்டத்துக்கு ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்ட நம்மவர் துயரமும் ஒன்றல்ல. ஆப்பிரிக்கர்கள் பட்டது மிகக் கொடியது. ஆனாலும், முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் பாட்டில்தான் மனிதர்களாக இருந்தார்கள் என்பது இரு பக்கமும் உண்மை. தோட்டத்துப் பேத்தி ஒருத்தி ஜாஸைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்கிறாள் என்றால், அதில் வியக்க ஒன்றுமில்லை.

இசையின் உள்ளே போனால் இன்னும் நெருங்கி வருகிறது. ஜாஸ் பாடகி மெட்டை முதலில் அப்படியே பாடுவாள். இரண்டாம் முறை அதே வரியை நீட்டி, மடக்கி, தாமதித்து, தன் கற்பனையில் புதுக்கிப் பாடுவாள். நாம் இதை நிரவல் என்கிறோம். வார்த்தையை விட்டுவிட்டு வெறும் அசைகளில் குரலை ஓடவிடும் 'ஸ்கேட்' என்ற முறை அவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் கற்பனை ஸ்வரம் இருக்கிறது. அந்தந்த நொடியில் பிறக்கிற இசைக்கு இரண்டு மரபும் மரியாதை செய்கின்றன. ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன், ரவிசங்கர் மீது கொண்ட மதிப்பால் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். ஜான் மெக்லாக்லின் என்ற ஜாஸ் கிதார் கலைஞர் 1970-களில் 'சக்தி' குழுவைத் தொடங்கியபோது, கடம் வாசிக்க நம் விக்கு விநாயக்ராமை அழைத்துக்கொண்டார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சங்கர் மகாதேவனும் இருந்த அதே 'சக்தி', 2024-இல் கிராமி விருது பெற்றது. ஜாஸ் நம்மைத் தேடி வந்து வெகுகாலம் ஆகிறது.

அடுத்த தலைமுறையில் கானவ்யா துரைசாமி இருக்கிறார். நியூயார்க்கில் பிறந்து, தமிழ்நாட்டில் அரிகதை மரபுள்ள குடும்பத்தில் வளர்ந்தவர். 2018-இல் 'ஐக்கியம்: ஒண்ணு' என்ற தொகுப்பில் புகழ்பெற்ற ஜாஸ் பாடல்களைத் தமிழாக்கிப் பாடினார். 2024-இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தொகுப்பில் எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாக்கா, தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த பியானோ கலைஞரும் ஹார்வர்டு பேராசிரியருமான விஜய் ஐயர் எனப் பெரும் கலைஞர்கள் அவரோடு சேர்ந்தார்கள். கோவில் வாசலில் தொடங்கிய குரல் உலகத்தின் பெரிய ஜாஸ் மேடைகளில் தமிழிலேயே பாடுகிறது. உஷா சேலையை மேடைக்குக் கொண்டுபோனார். கானவ்யா மொழியையே கொண்டுபோயிருக்கிறார். நம் பெண்கள் தொடங்க வேண்டிய இடம் இப்போது இதுதான்.

நம் மலேசியாவிலும் வழி மூடிக் கிடக்கவில்லை. பாடகி ஷீலா மஜித் 1990-இல் மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லியின் பாடல்களை ஜாஸ் வாசம் வீசப் புதுப்பித்து 'லெஜெண்டா' தொகுப்பைத் தந்தபோது மலாய்ச் சமூகம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1998-இல் ஈவ்லின் ஹீ ஜாலான் மெசுயியில் தொடங்கிய 'நோ பிளாக் டை' என்ற இசை விடுதி, பேச்சை நிறுத்திப் பாட்டைக் கேட்கிற இடமாகப் பெயர் வாங்கியது. பக்கத்து வீட்டுச் சமூகங்கள் தங்கள் பெண்களின் பின்னால் நிற்கின்றன. நாம் மட்டும் தள்ளி நிற்கிறோம்.

உங்கள் அச்சங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் பெண் பிள்ளையை வளர்த்தவள்தான்.

குடிக்கிற இடமாயிற்றே என்கிறீர்கள். உண்மை, பல இடங்களில் மது உண்டு. நம் கல்யாண விருந்துகளிலும் உண்டு, அங்கேயும் நம் பெண்கள் பாடுகிறார்கள். இடத்தைப் பார்த்து அஞ்சுவதைவிட, அந்த இடத்தை நடத்துகிறவர்கள் யார், பாடகிக்கு என்ன மரியாதை தருகிறார்கள் என்று விசாரியுங்கள். இரவு நேரமாயிற்றே என்கிறீர்கள். நியாயம். நீங்கள் போய் அழைத்து வந்தால் பாதிக் கவலை தீரும். பள்ளியில் படிக்கிற பிள்ளையாக இருந்தால் பகல் நிகழ்ச்சிகளும் இசைப் பள்ளி மேடைகளும் போதும் என்று கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

வருமானம் போதுமா என்கிறீர்கள். ஜாஸ் மட்டும் பாடி கோலாலம்பூரில் வீட்டு வாடகை கட்டுவது கடினம். இங்கே பாடுகிறவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள், நிறுவன விருந்துகளில் பாடுகிறார்கள், விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறார்கள். எஸ்.பி.எம். முடிக்கட்டும், பட்டம் வாங்கட்டும். படிப்பையும் பாட்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: அந்த நாலு பேரையும் ஒரு மாலை பாட்டுக் கேட்க அழைத்து வாருங்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

மகள் பாடும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒலிபெருக்கிக்காரரிடமும் வாத்தியக்காரர்களிடமும் பேசிப் பழகுங்கள். என்ன சம்பளம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், வீட்டுக்கு எப்படித் திரும்புவாள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். பாட வருகிறவர்களுக்குச் சம்பளம் தராமல், பேர் கிடைக்கும் என்று மட்டும் சொல்லி ஏய்க்கிற இடங்கள் உண்டு. ஒரு தந்தையோ தாயோ பக்கத்தில் நின்று கேட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

வாய்ப்பாட்டு வகுப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அங்கே கற்கும் சுருதியும் தாளமும் ஜாஸிலும் அவளுக்குக் கைகொடுக்கும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இலிருந்து எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு இசையும் நாட்டியமும் கற்றுத் தந்திருக்கிறது. அங்கே அடித்தளம் போட்ட பிள்ளை இன்னோர் இசைக்கும் போகலாம் என்று நினையுங்கள். மேற்கத்தியக் குரல் பயிற்சிக்கு அவள் காசு கேட்டால், ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். தொண்டையைக் காத்துக்கொள்ளும் வித்தையும் அதில் அடக்கம்.

நீங்கள் ஆலய நிர்வாகத்திலோ தமிழ்ச் சங்கத்திலோ பள்ளி முன்னாள் மாணவர் மன்றத்திலோ இருக்கலாம். ஆண்டு விழாவில் திரைப்பாட்டுக்கு ஒதுக்குகிற இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிடம் இந்தப் பெண்களுக்குக் கொடுங்கள். அங்காசாபுரியில் நிகழ்ச்சி தயாரிக்கிற நம்மவர்களே, மின்னல் பண்பலையில் வாரம் ஒரு பாட்டுக்கு இடம் கொடுங்கள். மதுக் கோப்பை இல்லாத மேடை வேண்டும் என்கிற சமூகம், அந்த மேடையைத் தானே போட்டுத் தர வேண்டும்.

மகளிடமும் ஒன்று கேளுங்கள்: ஆங்கிலப் பாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு. அவளே எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. தாத்தா பால்மரம் வெட்டிய கதையும், பாட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் சமைத்த கதையும் இன்னும் ஜாஸில் பாடப்படவில்லை. அந்தக் கதைகளை அவளுக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

வழக்காடி மேடையை மீட்டுக்கொள்ளும் துணிவு உஷா உதுப்புக்கு இருந்தது. நம் பெண்களை அந்த அளவுக்குப் போராட விட வேண்டாம். அடுத்த முறை உங்கள் மகள் பாடுகிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் குடும்பமாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். கேட்ட பிறகும் உங்களுக்கு மறுப்பு இருந்தால் அவளிடமே பேசுங்கள். கேட்காமல் மட்டும் மறுக்காதீர்கள்.

அன்புடன்,
பங்சாரிலிருந்து உங்களில் ஒருத்தி